அரியலூர் எறங்கு

என் தம்பி "ரைட்" என்று சொன்னால் அதற்கு வலப்பக்கம் என்று பொருள் இல்லை. அவன் பெரம்பலூர் – அரியலூர் தடத்தில் ஓடும் தனியார் பஸ் ஒன்றின் கண்டக்டர். அவன் வாயில் அந்தச் சொல்லுக்கு "சரி, போகலாம்" என்றுதான் பொருள். ஆள் ஏறி முடித்தால் ரைட். குழம்பில் உப்பு சரியா என்று கேட்டாலும் ரைட். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், ஒழுங்காகப் பறந்துகொண்டிருந்த விமானத்தை, அவன் "ரைட்டு, ரைட்டு" என்றதும் வலப்பக்கம் ஒடித்துத் திருப்பி, பக்கத்து வெங்காயக் காட்டில் மூக்குக் குத்த விட்டேன்.

விமானம் என்றால் ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானம். என் கணவர் செய்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பல வருடங்கள் டிவி, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அவர். சர்க்கரை கண்ணுக்குப் போய், இடது கண் முழுக்க மங்கி, வலது கண்ணில் கறுப்பு நூல்கள் மிதக்க ஆரம்பித்தபோது கடையை மூடினார். அதற்குப் பிறகும் கை சும்மா இருக்கவில்லை. போர்டு எழுதும் கடையில் மீந்த ஃபோம் அட்டைகளை வாங்கி வந்தார். மோட்டாரையும் ரிமோட்டையும் சென்னையிலிருந்து கூரியரில் வரவழைத்தார். அட்டையை விரலால் தடவித் தடவி அறுத்தார். நான் அளவு படித்துச் சொன்னேன். நான் சொன்னதை இன்னொரு முறை ஸ்கேலின் பள்ளங்களை நகத்தால் எண்ணிச் சரிபார்த்துக்கொண்டார். அரசு மருத்துவமனையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. அளவில் என்னைச் சந்தேகப்படுகிற ஒரே மனிதர் அவர்தான்.

நிறம் தேர்ந்தெடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். நான் கலர் தாள்களை ஒவ்வொன்றாக வானத்துக்கு நேராகப் பிடித்தேன். மஞ்சள் தெரியவில்லை. சிவப்பு "ஏதோ இருக்கு" என்றார். கறுப்புத் தாளைத் தூக்கியதும், "அதான். அத அசைக்காத" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ரெக்கையின் அடிப்பக்கம் முழுவதும் கறுப்பு அடித்தோம்.

வலது கண்ணுக்குத் திருச்சியில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. இருக்கும் பார்வையைக் காப்பாற்றவே செய்கிறோம், எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெளியே வந்து படியில் உட்கார்ந்த கணவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அதுக்குள்ள ஒரு தடவ அது பறக்குறத பாத்துடணும்."

அவரால் ஓட்ட முடியாது. ரெக்கை லேசாகச் சாய்வதைக் கண்டுபிடிக்கும் பார்வை அவருக்கு இல்லை. தம்பியைக் கேட்டோம். "க்கா, நான் கண்டக்டரு. வண்டி ஓட்டுறது டிரைவரு வேல. நீ ஓட்டு, நான் விசில் அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டான். ஸ்கூட்டி தவிர வேறெதையும் ஓட்டியறியாத நான் அப்படித்தான் ரிமோட்டைக் கையில் வாங்கினேன்.

அரியலூர் ரோட்டில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருக்கிறது. தை மாதம், மக்காச்சோளம் அறுத்து முடிந்து தரை காலியாகக் கிடந்தது. தம்பிக்கு டூட்டி இல்லாத காலை நேரங்களில் மூவரும் போவோம். கணவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வெயில் கண்ணில் அடிக்காதபடி வடக்கே பார்த்து நான் நிற்பேன். தம்பி விமானத்தைக் கையால் வீசிவிட்டு ஓடிவந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொள்வான். முதல் சில தடவைகள் வீசின வேகத்திலேயே தரையில் உராய்ந்து நின்றது. பிறகு ஒரு நாள் நிஜமாகவே ஏறியது. அந்த நாளில்தான் அவன் "ரைட்டு" என்றான்.

ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. வரப்பைத் தாண்டி நான் போவதற்குள், வெங்காயக் காட்டுக்காரி அதன் வாலைப் பிடித்துக் கோழியைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தாள். ஒரு ரெக்கை தொங்கியது.

"இது ஒங்களுதா? மருந்தடிக்கிற ட்ரோனுன்னுல்ல நெனச்சேன். எங்க காட்டுக்கும் ஒரு நட அடிச்சு வுடுறீங்களான்னு கேக்கலாம்னு இருந்தேன்."

"இது மருந்தடிக்காதுங்க."

"பின்ன என்னதான் பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. சும்மா பாக்குறதுக்கு."

"பாக்குறதுக்கா!" என்றாள். என் முகத்தையும், தூரத்தில் நாற்காலியில் முகத்தை வானத்துக்கு உயர்த்தியபடி உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தாள். பிறகு, "வெங்காயத் தாள மிதிக்காம வந்து எடுத்துக்குங்க, எத்தன தடவ வுழுந்தாலும்" என்றாள். நாங்கள் கிளம்பும்போது ஒரு பை நிறைய வெங்காயத்தைக் கொண்டுவந்து ஸ்கூட்டியில் மாட்டினாள்.

தம்பியை நான் திட்டினேன். "எதுக்குடா ரைட்டுன்ன?"

"நல்லா போவுது, அப்படியே போன்னு சொன்னேன்க்கா. இருவது வருசமா ரைட்டுன்னா எந்த டிரைவராவது வலது பக்கம் ஒடிச்சிருக்கானா? ஒடிச்சிருந்தா பஸ்ஸு கெணத்துலல்ல கெடக்கும்?"

கணவர் சிரித்துச் சிரித்து இருமினார். அந்த ரெக்கையை அவர் மூன்று மாலைகள் உட்கார்ந்து தொட்டுப் பார்த்தே ஒட்டினார். ஆபரேஷன் தேதி அதன்பாட்டுக்கு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சொல்லைத் தடை செய்தோம். ஆனால் உண்மையான சிக்கல் அது அல்ல. விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது அதன் வலது நம்முடைய வலது. திரும்பி நம்மை நோக்கி வரும்போது அதன் வலது நமக்கு இடது. ரிமோட்டின் குச்சியோ எப்போதும் விமானத்தின் வலதுக்குத்தான் கட்டுப்படும். கணவர் சொல்லித் தந்த வழி எளிமையானது. "நம்மள பாத்து வர்றப்ப எந்த ரெக்க கீழ எறங்குதோ, அந்தப் பக்கமே குச்சியத் தள்ளு. தடுமாறுறவனுக்குத் தோள் குடுக்குற மாதிரி." வீட்டில் கேட்டபோது தெளிவாகப் புரிந்தது. காட்டில் நிற்கும்போது, இறங்குவது என் இடதா அதன் இடதா என்று யோசிப்பதற்குள் அது தரைக்கு வந்துவிடும். தம்பி பின்னால் நின்று "லெப்ட்டு, லெப்ட்டு" என்பான். யாருடைய லெப்ட் என்று நான் கேட்பேன். அதற்குள் விழுந்திருக்கும்.

ஒரு நாள் அவன் வெறுத்துப்போய்ச் சொன்னான்: "லெப்ட்டு ரைட்டே வேணாம்க்கா. இங்க நின்னா இந்தக் கை பக்கம் பெரம்பலூரு, அந்தக் கை பக்கம் அரியலூரு. நீ திரும்புனாலும் ஏரோப்ளேன் திரும்புனாலும் ஊரு திரும்பாதுல்ல?"

கணவர் நாற்காலியிலிருந்து, "மாப்ள, இன்னொருக்கா சொல்லு" என்றார்.

"ஊரு திரும்பாது மாமா. அரியலூர் பக்கத்து ரெக்க எறங்குனா, அரியலூர் எறங்குன்னு சொல்றேன். அக்கா குச்சிய அரியலூருக்குத் தள்ளட்டும். பெரம்பலூர் எறங்குனா பெரம்பலூருக்கு. எனக்கும் பழகுன வார்த்த, தொண்ட கட்டாது."

விமானம் விலகிப் போகும்போது அவன் வாயைத் திறக்கக் கூடாது, எங்களை நோக்கி வரும்போது மட்டும் கூவ வேண்டும் என்று நான் ஒரு விதி சேர்த்தேன். "இவ ஆஸ்பத்திரியில மாத்திரைக்கு வெதி போடுற மாதிரியே இதுக்கும் போடுறா" என்றார் கணவர்.

அன்றிரவே வீட்டுக் கூடத்தில் பழகினோம். ரிமோட்டில் பேட்டரி இல்லை. வாசற்படியிலிருந்து தம்பி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு என்னை நோக்கி மெதுவாக நடந்து வருவான். பீரோ இருக்கும் பக்கம் அரியலூர், சமையற்கட்டுப் பக்கம் பெரம்பலூர். ஒரு கையைத் தாழ்த்தி, "அரியலூர் எறங்கு! அரியலூர்லாம் எறங்கு! படியில நிக்காத!" என்பான். நான் குச்சியைப் பீரோ பக்கம் தள்ளினால் கை நிமிரும். தவறான பக்கம் தள்ளினால் அப்படியே சாய்ந்து சோபாவில் விழுந்துவிடுவான். வயிறு பெருத்த அந்த ஐம்பது வயது விமானம் விழும் ஒவ்வொரு முறையும் சோபா முனகியது. நாற்காலியில் இருந்தவர் சத்தத்தை வைத்தே, "தப்பாத் தள்ளிட்டா" என்பார். சில நாட்களில் சோபா முனகுவது நின்றது.

காட்டிலும் அது வேலை செய்தது. அவன் கூவுவான், என் விரல் ஊருக்குப் போகும், ரெக்கை நிமிரும். வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "பஸ்ஸு எங்கடி வருது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆனாலும் அவன் குரல் இல்லாமல் என்னால் ஒரு சுற்றுக்கூட வர முடியவில்லை. தாழ்வாகவும் கிட்டத்திலும் மட்டுமே சுற்றினேன். மேலே ஏற்றப் பயம். அவ்வளவு தாழ்வில் அது கணவருக்கு மரத்தோடும் மண்ணோடும் கலந்துவிடும்; வானத்தின் வெளுப்பில் ஏறினால்தான் அந்தக் கறுப்பு தெரியும். அவர் ஒரு முறைகூட "ஏத்து" என்று சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும், "சத்தம் நல்லா வருது" என்பார். அவ்வளவுதான்.

திருச்சிக்குக் கிளம்ப வேண்டிய நாள் காலையில் பனி. மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாக வேண்டும். தம்பி டூட்டியை வேறொருவருக்கு மாற்றிவிட்டு வந்திருந்தான். வெங்காயக் காட்டின் வேலிகூடத் தெரியவில்லை. துணிப்பையும் மருந்துப் பையும் ஸ்கூட்டியில் தொங்க, மூவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இல்லன்னா பரவால்லம்மா. வந்து பாத்துக்கலாம்" என்றார்.

வந்து பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி என்று எங்கள் மூவருக்கும் தெரியும். பேட்டரியை மடியில் வைத்துச் சூடாக வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ரோட்டில் ஒரு லாரி முழுசாகத் தெரிந்தது. அடுத்து வேலி. பிறகு பனி விலகி வானம் ஒரேயடியாக வெளுத்தது. காற்றே இல்லை. "வீசுடா" என்றேன்.

அன்றைக்கு ஏற்றினேன். பனைகளுக்கு மேலே, அதற்கும் மேலே, அது ஒரு பறவை அளவாகும்வரை. என் கண்ணை அதிலிருந்து எடுக்க முடியாது; எடுத்தால் தொலைந்துவிடும். யாருக்காக ஓட்டுகிறேனோ அவர் முகத்தை மட்டும் என்னால் பார்க்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. பெரம்பலூர் பக்கம் திருப்பினேன். நீளமாக ஒரு சுற்று. எங்களை நோக்கி வந்தது. அரியலூர் பக்கத்து ரெக்கை இறங்கியது. நான் குச்சியை அரியலூருக்குத் தள்ளினேன். நிமிர்ந்தது. இன்னொரு சுற்று. இன்னும் ஒன்று. ஒரு சுற்றில் என் வாயே, "பெரம்பலூர் எறங்கு" என்று முணுமுணுத்ததைக் கேட்டேன். பேட்டரி தீரும் நேரம் என்று மோட்டார் சத்தத்தில் தெரிந்ததும் இறக்கிக் கொண்டுவந்தேன். சோளத் தட்டையின் மேல் சரசரவென்று சறுக்கி, உடையாமல், நேராக நின்றது.

"எல்லாம் எறங்குங்க, வண்டி இதோட போவாது" என்றான் தம்பி.

அப்போதுதான் உறைத்தது. "ஏன்டா, நடுவுல நீ ஒண்ணுமே சொல்லலயே?"

"நான் எங்கக்கா ஏரோப்ளேன பாத்தேன்? மாமா மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். தல கூடவே திரும்புச்சு. அத வுட்டுட்டு ஒன் ரெக்கைய யாரு பாப்பா?"

நான் நாற்காலிக்குப் போனேன். பார்த்தீர்களா என்று கேட்கப் பயமாக இருந்தது. பார்க்காமலே பார்த்தேன் என்று சொல்லக்கூடியவர்தான். அவரோ ரிப்பேர் பார்த்த டிவிப் பெட்டியைப் பற்றிச் சொல்வதுபோல, நிதானமாகச் சொன்னார்:

"நேரா போறப்ப ஒரு கோடு. திரும்புறப்ப அந்தக் கோடு அகலமாவுது. கறுப்பா அகலமாயி, மறுபடி கோடாயிடுது. நான் இப்படி இருக்கும்னு நெனைக்கவே இல்ல."

சத்தத்தைக் கேட்டு யாரும் அதைச் சொல்ல முடியாது. பார்த்தவர் மட்டும்தான் சொல்ல முடியும். வரப்பில் நின்றிருந்த வெங்காயக் காட்டுக்காரி, "பாத்தாச்சாய்யா?" என்று சத்தமாகக் கேட்டாள். "பாத்தாச்சு" என்று அவர் கை தூக்கினார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தம்பி எங்களைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டான். ஜன்னலோரம் அவரை உட்கார வைத்து, பையை மேலே செருகி, கீழே இறங்கினான். அந்தப் பஸ்ஸுக்கு வேறொரு கண்டக்டர் இருந்தார். இருந்தும் இவன் பக்கத் தகட்டை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்டு!" என்றான். பஸ் நேராகப் போயிற்று.

ஆபரேஷன் முடிந்து மாதங்களாகிவிட்டன. பார்வை கூடவில்லை, இருந்தது போகவில்லை. டாக்டர் அதையே நல்ல செய்தி என்றார், நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இப்போதும் போகிறோம். நான் திருப்பும்போது நாற்காலியிலிருந்து, "அகலமாவுது" என்று ஒரு குரல் வரும். ஓட்டுவதற்கு அது எனக்குத் தேவையில்லை. ஆனாலும் அது வரும்வரை அடுத்த திருப்பம் திருப்புவதில்லை.