மேற்குப் பக்கத்துச் சிக்னல்

எங்கள் வீட்டு இணையம் அறுந்துபோகப் புயல் வரவேண்டியதில்லை. கடற்காற்றில் ஒரு காய்ந்த தென்னோலை விழுந்தால் போதும். வைக்கோலை உயர ஏற்றிய லொறியொன்று எங்கள் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் திரும்பினாலும் போதும். கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய கறுப்புக் கோடு அறுந்ததும், ஒழுங்கையில் எல்லா வீட்டிலிருந்தும் "போயிட்டு!" என்று சத்தம் கிளம்பும். பிறகு முறைப்பாட்டு இலக்கத்துக்கு எடுத்தால், நாளைக்கு ஆள் வரும் என்பார்கள். அந்த நாளை எந்தக் கிழமையில் வரும் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

மற்றவர்களுக்கு நாடகமும் கிரிக்கெட்டும் போகும். எனக்கு வகுப்புப் போகும்.

நான் உயர்தர மாணவிகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன், வீட்டிலிருந்து, மடிக்கணினி வழியாக. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆளும் நான்தான். இதைக் குனிந்துகொண்டு சொல்லும் பழக்கம் எனக்கில்லை. உம்மா கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் ஊன்றுகிறவர். வாப்பா ஒலுவில் துறைமுகத்தில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு கல்முனைக்கு வந்து விற்கிறவர். அந்த இருவருடைய வீட்டில் ஒரு பிள்ளை கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறாள் என்றால் அது சும்மா நடந்ததல்ல.

என் மாணவிகள் வரிப்பத்தான்சேனை, இறக்காமம், பொத்துவில் பக்கத்துப் பிள்ளைகள். கல்முனையில் பெரிய டியூசன் வகுப்புகள் இருக்கின்றன. ஆனால் அவை முடியும் நேரத்துக்கு அந்த ஊர்களுக்கு பஸ் இல்லை. பஸ் இல்லாவிட்டால் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். அதனால் அவர்களுக்கு என்னை விட்டால் வேறு வகுப்பில்லை. அவர்களிடம் சொந்தமாகப் போனும் இல்லை. வாப்பாவின் போன்தான். அந்தப் போன் வயலுக்குப் போகும், மில்லுக்குப் போகும், கடைக்குப் போகும். வீட்டில் இருப்பது வெள்ளிக்கிழமை மட்டும். வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்து ஆண்கள் வேலைக்கு இறங்குவதில்லை. மதியம் ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். வந்து சாப்பிட்டுவிட்டு பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் படுப்பார்கள். அந்த இடைவெளிதான் என் வகுப்பு. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் நான் தொடங்குவேன், அஸர் பாங்குக்கு முடிப்பேன்.

கோடு அறுந்தால் அந்த வெள்ளிக்கிழமை போய்விடும். அடுத்த வெள்ளி வரைக்கும் பிள்ளைகளின் கையில் போன் இல்லை.

நாங்கள் இருப்பது ராத்தாவின் வீட்டில். ராத்தா என்றால் என் மூத்த சகோதரி. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனம். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். ராத்தாவுக்குக் கலியாணம் முடிந்ததும் முன்வீடு அவளுக்குப் போய்விட்டது. வாப்பாவும் உம்மாவும் நானும் பின்பக்கத்து அறைகளுக்கு ஒதுங்கிக்கொண்டோம். இணையக் கோடு ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சானின் பெயரில், அவருடைய ஹோலில் இருந்தது. மச்சான் நல்ல மனிசன்தான். ஆனால் வாயை மூடமாட்டார்.

"என்ன மதினி, இண்டைக்கும் கிளாஸ் கடலுக்குள்ள போயிட்டா?" என்பார்.

"கிளாஸ் போகல்ல மச்சான். உங்கட கோடுதான் போயிட்டு."

"கோடு எண்டா அறும்தானே. ஸ்கூல் ஒண்டு கிடைச்சா கோடும் தேவல்ல, காத்தும் தேவல்ல. சும்மா என்னத்துக்குக் கரைச்சல் படுறீங்க?"

அரச நியமனத்துக்குக் காத்திருக்கும் பட்டதாரிகள் எங்கள் ஊரில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். காத்திருப்பதை ஒரு தொழிலாகச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

அதனால் சிம் போட்டு இயக்கும் சின்ன ரவுட்டர் ஒன்று வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கும், ஊரில் எல்லோரும் டொங்கிள் என்பார்கள். கோடு அறுந்தால் இது கைகொடுக்கும் என்பதே கணக்கு. எந்தக் கொம்பனி சிம் என்று யோசிக்கக்கூட இல்லை. எங்கள் ஒழுங்கை முழுக்க ஒரே கொம்பனிதான். சாச்சி வைத்திருப்பதை மாமி எடுப்பார், மாமி வைத்திருப்பதை மருமகன் எடுப்பார். கலியாணம் பேசி முடிந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து வரும் போனிலும் அதே சிம்தான் இருக்கும். நானும் அதையே எடுத்தேன்.

வாங்கிய கிழமையே சோதித்தேன். வெள்ளிக்கிழமை, பள்ளியில் குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்த நேரம். மச்சானின் கோட்டைக் கழற்றிவிட்டு டொங்கிளைப் போட்டேன். படம் பறந்தது. பொத்துவில் பிள்ளையின் வீட்டுக் கோழி கூவியதுகூடத் தெளிவாகக் கேட்டது. பெருமையில் ராத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதுக்கு மிச்சமா என்ன வேணும்?" என்று கேட்டேன்.

இரசாயனம் படித்தவள் நான். ஒரு பரிசோதனையை எந்த நிலைமையில் செய்கிறோம் என்பதை முதலில் பார்க்கவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள். ஊரின் ஆண்கள் அத்தனை பேரும் போனை வைத்துவிட்டுப் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், டவரை நான் தனியாளாக வைத்துக்கொண்டு சோதித்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வெள்ளி உறைத்தது. காலையிலேயே கோடு அறுந்திருந்தது. நான் அலட்டிக்கொள்ளவில்லை, டொங்கிளில் தொடங்கினேன். தொழுகை முடியும் வரைக்கும் ஒரு குறையுமில்லை. சமநிலைக் கணக்கொன்றின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பள்ளியிலிருந்து ஆட்கள் கதைத்துக்கொண்டு வருவது கேட்டது. செருப்புச் சத்தம், கேட் திறக்கும் சத்தம், "கோடு இன்னும் வரல்லயா?" என்ற கேள்வி. வைஃபை இல்லை என்று கண்டதும் ஒழுங்கையில் ஒவ்வொருவரும் தன் தன் போனில் டேட்டாவைப் போட்டார்கள். எல்லோருக்கும் அதே கொம்பனி, அதே டவர். என் கை கரும்பலகையில் நீட்டியபடியே திரையில் உறைந்தது. என் குரல் துண்டு துண்டாகப் போனதாகப் பிறகு சொன்னார்கள். ஒவ்வொரு பிள்ளையாக விழுந்தார்கள். கடைசியில் நானும் என் கணக்கும் மட்டும் மிஞ்சினோம்.

அன்று மாலை இறக்காமத்திலிருந்து ஒரு தாய் கோல் எடுத்தார்.

"மிஸ், குறையா நினைக்காதீங்க. எங்கட ஊட்டுக்காரர் ஏசுறார். புள்ள போனக் கையில வெச்சிக்கிட்டுச் சும்மா பாத்துக்கிட்டு இரிக்காள், என்ன படிப்பு இது எண்டு. வாற வெள்ளியும் இப்பிடி எண்டா போன் குடுக்கமாட்டாராம்."

"வாற வெள்ளி அறாது சாச்சி."

"கோட்டுக்கு நீங்க எப்பிடி மிஸ் பொறுப்புச் சொல்ற?"

"கோட்டுக்கு இல்ல. எனக்கு நான் பொறுப்பு."

சொல்லிவிட்டேன். மற்றத் தாய்மாரும் அதையே கேட்டார்கள். அவர்களுக்கும் அதையே சொன்னேன். பரீட்சைக்கு முன் முழு வினாத்தாள் செய்வதற்கு இருந்த வெள்ளி அதுதான். அது சரிவராவிட்டால் போன்கள் பூட்டப்படும், என் வகுப்பும் முடியும்.

கோடு திருத்த ஆள் வரவில்லை. ஒரே டவருக்கு ஊர் முழுக்க நிற்கும் வரிசையில் நானும் போய் நின்றுகொண்டு, என்னை முன்னால் விடவில்லை என்று குறைசொல்ல முடியாது. ஆட்கள் இல்லாத வரிசையைத் தேடவேண்டும். எங்கள் ஒழுங்கையில் எவரும் வைத்திராத இன்னொரு கொம்பனி இருந்தது. அதன் டவர் மேற்கே, வயல் பக்கம். கடற்கரைப் பக்கத்தில் அது எடுக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். எடுத்துப் பார்த்தவர் ஒருவரையும் நான் காணவில்லை. அந்தச் சிம்மை வாங்கிவந்தேன்.

பின்னறையில் அது எடுக்கவில்லைதான். முற்றத்தில் சிக்னல் ஒரு கட்டம் மட்டும் காட்டியது. மதில்களும் வீடுகளும் மேற்கை மறைத்திருந்தன. மேலே போனால்தான் உண்டு.

மேலே இருந்தது என் வீடு. காணி இல்லாத ஊரில் இளைய மகளுக்குச் சீதனம் மேல்மாடிதான். வாப்பா ராத்தா வீட்டின் கொங்கிரீட் பிளேட்டுக்கு மேல் எனக்காகச் சுவர் எழுப்பி வைத்திருந்தார். பூச்சு இல்லை, யன்னல் இல்லை, கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. மாப்பிள்ளை சரிவந்தால் மிச்சத்தைக் கட்டுவதாக ஏற்பாடு. அதன் மேற்கு மூலையில் அடுப்பு வைக்க, குசினிக்கென்று விட்ட அறையில் டொங்கிளை வைத்தேன். சிக்னல் நிறையக் காட்டியது. இந்தமுறை ஏமாறத் தயாராக இல்லை. ஜும்ஆ நேரத்தில் சோதிக்கவில்லை. மாலை மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு, ஊரே போனைத் தடவிக்கொண்டிருக்கும் நேரத்தில் சோதித்தேன். சிக்னல் கொஞ்சமும் இறங்கவில்லை.

மேசையைத் தூக்கிக்கொண்டு படியேறியபோது உம்மா குறுக்கே வந்தார்.

"எங்க புள்ள கொண்டுபோறாய்?"

"மேல. கிளாசுக்கு."

"விசரா உனக்கு? நிக்காஹ் முடியாம சீதன ஊட்டுல போய்க் குந்துறயா? யன்னலும் இல்ல, ஊரே பாக்கும். என்ன கதைப்பாங்க?"

"என்ன கதைப்பாங்க உம்மா?"

"மாப்பிள்ள வாறதுக்குள்ள இவ குடிபோயிட்டா எண்டுவாங்க."

"ஓம், போயிட்டன் எண்டு சொல்லுங்க. அது ஆர்ட ஊடு?"

"உன்ட ஊடுதான்..."

"அப்ப வழிய விடுங்க. மேசை பாரமா இரிக்கி."

உம்மா வழிவிட்டார். ஆனால் சும்மா இருக்கவில்லை. ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து யன்னல் ஓட்டையில் கட்டினார். காற்று அதைக் கரும்பலகையில் அடித்தது. நான் அவிழ்த்து மடித்து வைத்தேன். திரும்பவும் கட்டினார். திரும்பவும் அவிழ்த்தேன்.

வெள்ளிக்கிழமை பாங்கு சொன்னது. தொடங்கினேன். வினாத்தாளின் முதற்பகுதியைப் பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டு செய்தார்கள். வயல் காற்று அறைக்குள் வந்துபோனது. தொழுகை முடிந்து சலாம் கொடுத்து ஆட்கள் எழும்பும் சத்தம் பள்ளி ஒலிபெருக்கியில் கேட்டது. செருப்புச் சத்தம் வந்தது. கேட்டுகள் திறந்தன. கீழே மச்சான் ரவுட்டரைத் தட்டிப் பார்ப்பது கேட்டது. கோடு இன்னும் செத்துத்தான் கிடந்தது. இப்போது ஒழுங்கையே டேட்டாவுக்கு மாறும்.

நான் சேதன இரசாயனக் கேள்விக்குப் போயிருந்தேன். நிறுத்தாமல் எழுதினேன். எழுதி முடித்துத் திரும்பி, "விளங்கினதா?" என்று கேட்டேன்.

"ஓம் மிஸ்."

ஒரு குரல் இல்லை, எல்லாக் குரலும். ஒருவரும் விழவில்லை.

பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் தலையை நீட்டியது எனக்குத் தெரிந்தது. உம்மா முற்றத்தில் நின்றார்.

"என்னகா, உங்கட மகள் இப்பவே மேல்மாடிக்குக் குடிபோயிட்டாவா?"

உம்மா மாமியின் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "ஓங்கா. உங்கட மகளுக்கும் மேல்மாடி கட்டின நீங்கதானே, அங்க ஆடுதானே நிக்கிது. எங்கட ஊட்டுல புள்ள நிண்டா என்ன?"

மாமியின் தலை மறைந்தது. பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டார்கள். வரிப்பத்தான்சேனைப் பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் மைக்கை மூடினாள்.

அடுத்ததாக மச்சான் வந்தார். படியில் பாதியில் நின்றுகொண்டு கையைக் காட்டினார். நான் மைக்கை மூடினேன்.

"மதினி, மெச் நடக்குது. ஒழுங்கையில ஒருத்தருக்கும் எடுக்குதில்ல. உங்கடது மட்டும் ஓடுது. பாஸ்வேர்டச் சொல்லுங்களன்."

"ஏலா மச்சான்."

"ஒரு போன் தானே. என்ன குறையப்போகுது?"

"உங்களுக்குச் சொன்னா உங்கட கூட்டாளிக்குச் சொல்லுவீங்க. அவர் முழு ஒழுங்கைக்கும் சொல்லுவார். பிறகு என்ட கிளாஸ் கடலுக்குள்ள போயிடும்."

"அல்லாஹ்வே, நான் சும்மா பகிடிக்குச் சொன்ன கதையயும் வெச்சிக்கிட்டு இரிக்கிறீங்க."

"அஸருக்குப் பிறகு வாங்க. நானே போட்டுத் தாறன்."

அவர் இறங்கிப் போனார். நான் மைக்கைத் திறந்தேன். அஸர் பாங்கு சொல்லும்போது வினாத்தாளின் கடைசிக் கேள்வியில் நின்றோம். ஒரு கேள்வியும் மிச்சம் வைக்காமல் முடித்தோம். அன்று மாலை இறக்காமத்துத் தாய் கோல் எடுக்கவில்லை. அதைவிட நல்ல செய்தி எனக்கு வேண்டியிருக்கவில்லை. கிழமை நடுவில் அவருடைய தங்கையின் மகளையும் சேர்க்க முடியுமா என்று கேட்டு ஒரு குரல்பதிவு வந்தது.

அதற்குப் பிறகு கோடு திருத்தப்பட்டது, திரும்பவும் அறுந்தது. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். வகுப்பு மேலேதான் நடந்தது.

மாப்பிள்ளை பேசி ஒரு இடத்திலிருந்து ஆள் வந்தபோது, மிச்ச வேலையை முடிக்க வாப்பா மேசனைக் கூப்பிட்டார். மேசன் மேற்கு மூலை அறையில் நின்று, அடுப்பு எந்தச் சுவரோடு, புகை போக எங்கே துவாரம் என்று கேட்டார். உம்மா வாயெடுப்பதற்குள் நான் சொன்னேன்.

"இது குசினி இல்ல. இவடத்த மேசை. இந்தச் சுவர்ல கரும்பலகை. பிளக் இவடத்த ரெண்டு வையுங்க."

மேசன் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா உம்மாவைப் பார்த்தார்.

"குசினி இல்லாத ஊட்டுக்கு எவன் வருவான் புள்ள?" என்றார் உம்மா.

"சமைக்கத் தெரிஞ்சவன் வரட்டும். அடுப்ப அவன் கேக்கிற இடத்தில வெப்பம்."

மேசன் சிரித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, நான் காட்டிய இடத்தில் சுவரில் ஒரு கட்டம் கீறினார். "இன்னும் கொஞ்சம் மேல," என்றேன். அழித்துவிட்டு மேலே கீறினார்.