ஒட்லைவ் வாங்கிய ஒரே புதுச் சாமான்

என் அக்காள் மோல்ஃப்ரியின் கணவர் ஒட்லைவுக்குப் புதுச் சாமான் என்றாலே ஆகாது. நார்வேயின் சோக்ன் பகுதியில், எங்கள் பள்ளத்தாக்குச் சாலையில் குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர். சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனால் கடையில் விலைச்சீட்டு தொங்கும் எதைக் கண்டாலும் தன்னை யாரோ ஏமாற்றப் பார்ப்பதாகவே அவருக்குப் படும்.

இலையுதிர் காலத்தில் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் பழைய பனிச்சறுக்குச் சாமான் சந்தை நடக்கும். கதவு திறக்குமுன்பே அவர் வாசலில் நிற்பார். பூட்ஸ் என்றால் உள்ளே மூக்கை நுழைத்து மோந்து பார்ப்பார். சறுக்குப் பலகைகளை அடியோடு அடி சேர்த்துப் பிடித்து, நடுவில் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று ஒற்றைக் கண்ணால் அளப்பார். இவ்வளவும் செய்துவிட்டு, கல்யாணத்துக்கு முந்திய தன் பலகைகளுக்கு ஈடாகாது என்று வெறுங்கையோடு திரும்புவார். அந்தப் பலகைகளில் பிரேக் கிடையாது. காலோடு கட்டும் வாரும் எப்போதோ அறுந்துவிட்டது. கழற்றி வைத்தால் தானாகவே கீழே ஓடிப்போகும்.

அதைக்கூட அக்காள் பொறுத்துக்கொண்டாள். அவள் பொறுக்காதது ஒன்றுதான். பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க மார்பில் கட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி இருக்கிறதே, அது அவரிடம் இல்லை. அந்தப் பெட்டி விடாமல் சமிக்ஞை அனுப்பும். மற்றவர்கள் தங்கள் பெட்டியைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு போனால், புதைந்த இடம் தெரியும். அதுவும் சீக்கிரம் தோண்டினால்தான் உயிர். போன வருஷம் அடுத்த ஊர்த் தபால்காரரைப் பெட்டி இல்லாமல் தேடி, மறுநாள்தான் எடுத்தார்கள்.

"பெட்டி வாங்காம இந்த ஈஸ்டருக்கு மலைப்பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது, ஆமா," என்றாள் அக்காள்.

"வருஷக்கணக்கா பனி தள்ளுறேன், மோல்ஃப்ரி. பனிக்கு என்னைத் தெரியாதா?"

"தெரியும். அதான் பயமா இருக்கு."

நார்வேக்காரனை ஈஸ்டருக்கு வீட்டில் உட்காரச் சொல்வதும் ஒன்று, சோறு கிடையாது என்பதும் ஒன்று. மனுஷன் இறங்கி வந்தார். கடைக்குப் போய்ப் புதுப் பெட்டி வாங்கினார். வீட்டுக்கு வந்து வலைப் பனியன் மேல் கட்டிப் பார்த்து, "மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி இருக்கு," என்று முணுமுணுத்தார்.

ஈஸ்டர் வியாழன் அன்று மூவரும் மலைக்குடிலுக்குக் கிளம்பினோம். நல்ல வெயில். மலையடிவாரத்தில் வழக்கம்போல அக்காள் தன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, நாங்கள் ஒவ்வொருவராக அவளைக் கடந்து போனோம். என்னுடையது பீப் என்றது. ஒட்லைவுடையதும் பீப் என்றது. அக்காளின் முகம் மலர்ந்துவிட்டது.

குடிலுக்குச் சற்று முன்னால் ஒரு செங்குத்துச் சரிவு உண்டு. அதை ஒருவர் பின் ஒருவராகத்தான் கடப்போம். அக்காள் போனாள், நான் போனேன். அந்தப் பக்கத்துப் பாறை மறைவில் ஒட்லைவுக்காகக் காத்திருந்தோம். வயிற்றுக்குள் உதைத்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், நாங்கள் கடந்து வந்த தடம் இருந்த இடத்தில் உடைந்த பனிக்கட்டிகள் குவிந்து கிடந்தன. குவியலில் ஒற்றைச் சறுக்குப் பலகை செங்குத்தாக நீட்டிக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம்.

நான் மீட்புப் படைக்குப் போன் செய்தேன். அக்காள் தன் பெட்டியைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு குவியல்மேல் ஓடினாள். சமிக்ஞை கிடைத்தது. நீளக் கம்பியைச் சொருகினோம். மெத்தென்று தட்டியது.

"சிக்ருன், தோண்டு! வாய் பாக்காம தோண்டுடி!" என்று என்னை விரட்டினாள்.

தோண்டினோம். சிவப்புத் துணி தெரிந்தது. அக்காள் பனிவாரியை வீசிவிட்டுக் கையாலேயே பறித்தாள். வெளியே வந்தது ஒட்லைவின் முதுகுப்பை. மேல் அறையைத் திறந்தால், நாலு ஆரஞ்சுப் பழங்களுக்கு நடுவில் பெட்டி மினுக் மினுக் என்று எரிந்துகொண்டிருந்தது.

மார்பில் கட்டவில்லை. கயிறு உறுத்துகிறது என்று பையில் போட்டிருக்கிறார். பையில் இருந்தாலும் பீப் என்றுதானே சொல்லும்! அடிவாரச் சோதனையில் எங்களுக்கு எப்படித் தெரியும்?

பெட்டி இங்கே இருந்தால் ஆள் எங்கே? அவ்வளவு பெரிய குவியலில் எந்த மூலையில் தோண்டுவது? அக்காள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒட்லைவ்! ஒட்லைவ்!" என்று பனியைப் பார்த்துக் கத்தினாள்.

"அங்க என்னத்தைத் தோண்டிட்டு இருக்கீங்க?"

குரல் மேலிருந்து வந்தது. சரிவைக் கடக்க நாங்கள் கிளம்பிய பக்கத்து மேட்டில், இன்னொரு சறுக்குப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க ஒட்லைவ் நின்றார். ஆரஞ்சு தின்னலாமென்று பையையும் பலகைகளையும் சரிவின் விளிம்பில் கழற்றி வைத்தாராம். ஒரு பலகை பின்பக்கப் பள்ளத்துக்கு ஓடிவிட்டதாம். அதைத் திட்டிக்கொண்டே பிர்ச் மரங்களுக்குள் இறங்கியிருக்கிறார். முன்பக்கம் சரிந்து, பையையும் மற்றப் பலகையையும் அடித்துக்கொண்டு போனதே அவருக்குத் தெரியாது.

நான் மறுபடி போன் செய்து, "ஹெலிகாப்டர் வேண்டாங்க. ஆள் இருக்காரு, முழுசா இருக்காரு," என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அக்காள் மேடேறிப் போனாள். இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் குத்தினாள். "நீ மட்டும் செத்திருந்தா, உன்னைக் கொன்னே போட்டிருப்பேன்!"

"பலகை ஓடிப்போச்சு, மோல்ஃப்ரி... நான் என்ன பண்ண?"

"வாயை மூடு. ஜாக்கெட்டைக் கழட்டு."

அந்தக் குளிரில் அவரைப் பனியனோடு நிறுத்தி, பெட்டியை அவளே கட்டினாள். குழந்தைக்கு அரைஞாண் கட்டுவதுபோல் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஒட்லைவ் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். சரிந்த குவியலை இப்போதுதான் சரியாகப் பார்த்தார் போலிருக்கிறது. முகம் வெளுத்திருந்தது.

குடிலுக்கு வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். எப்போதும் முன்னால் போகும் அக்காள், "நீ முன்னாடி போ," என்று அவரை விட்டாள். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"பின்னாடி என்ன பார்வை? நேராப் பாத்துப் போ!" என்று ஒவ்வொரு தடவையும் அதட்டினாள்.

அதட்டிவிட்டு, கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.