காற்றுக்கு ஆகாத குழாய்

காப்பார் ஊரின் பெரிய சாலையை நோக்கி நான் நடந்துகொண்டிருந்தேன். தோளில் கருவிப் பை. சட்டைக் காலருக்குள் ஏதோ குத்தியது. விரலை விட்டு எடுத்துப் பார்த்தேன். நகமளவு வெள்ளைச் சில்லு, பி.வி.சி. குழாயின் துண்டு. பின்னால் தாமான் குடியிருப்பின் கடைசி வீட்டில் குஷன் அக்கா கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது. "போயிடு தம்பி" என்று மட்டும்தான் அவர் சொல்லியிருந்தார். வேலை கிடைக்காமல் திரும்பி நடப்பது எனக்குப் புதிதல்ல. செந்தூல் அடுக்குமாடியில் வளர்ந்து, பதினாலு வயதில் இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டு, டயர் கடை, பட்டறை, தொழிற்சாலை என்று எங்கும் நிலைக்காமல் திரிந்தவன் நான். ஆனாலும் அன்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

குஷன் அக்கா என்றுதான் அந்த வட்டாரத்தில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். கிழிந்த சோபா, மோட்டார் சைக்கிள் சீட்டு, சாப்பாட்டுக் கடை நாற்காலி எல்லாம் அவர் வீட்டு வாசலில் கார் நிறுத்தும் போர்ச்சுக்கு வந்து புதுத் தோல் போட்டுக்கொண்டு போகும். கணவர் குழாய் வேலை செய்தவர். காப்பார் சாலையில் ஒரு லோரி மோட்டார் சைக்கிளில் மோதி அவர் இறந்த பிறகு, அக்காவின் சோறு அந்தத் தையலில்தான் இருந்தது. துணியைக் கட்டையோடு பிடிக்க வருடக்கணக்கில் கையாலேயே ஸ்டேப்ளரை அழுத்தியதில் வலது மணிக்கட்டு வீங்கி, தேத்தண்ணிக் கோப்பையைக்கூட இடது கையால் தூக்கும் நிலை. இனியும் இப்படியே அழுத்தினால் கை போய்விடும் என்றார் டாக்டர். அதனால் ஒரு பழைய கம்ப்ரசரும் காற்றில் அடிக்கும் ஸ்டேப்ளரும் வாங்கியிருந்தார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. இரைச்சல் கேட்கக் கூடாது என்று கம்ப்ரசரைச் சமையலறைக்குப் பின்னால் வைத்தார். அங்கிருந்து போர்ச்சு வரை காற்றைக் கொண்டுவர ஒரு குழாய் வேண்டும். டயர் கடையில் அந்த வேலை பழகியவன் என்று யாரோ என்னைச் சொல்லிவிட்டார்கள்.

பாதி உரித்த சோபாவில் உட்கார்ந்து, எந்தக் குழாய் போடலாம் என்று பேசினோம். ரப்பர் குழாயைச் சுவரோரம் விட்டால் மிதிபட்டு வெடிக்கும், தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும் என்றேன். செம்பு நல்லது என்றேன். அக்கா சிரித்துவிட்டார். "செம்பா? நான் கோயிலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள எவனாவது கழட்டி வித்துட்டுப் போயிடுவான்லா!" இரும்புக் குழாய் உள்ளே துருப் பிடிக்கும். ஆனால் கொஞ்சம் சரிவாகப் போட்டு, கடைசியில் ஒரு திருகு வால்வு வைத்துத் தினமும் தண்ணீரை வடித்துவிட்டால் நம்மைவிட அதிக நாள் உழைக்கும். அதைத்தான் போடலாம் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலைக்கு மேலே கைகாட்டினார். கூரை ஓரத்தில் கயிற்றால் கட்டித் தொங்கின வெள்ளைக் குழாய்கள். பின்பக்கம் புதுக் குளியலறை கட்டித் தருகிறேன் என்று கணவர் வாங்கிப் போட்டவை.

"இத்தன பைப்பு கெடக்கு, நீ கடைக்குப் போங்கிற. கமிஷன் வருதா?"

"இது தண்ணிக்குக்கா. காத்துக்கு ஆகாது."

"ஏன் ஆகாது? எவ்ளோ பிரஷர் தாங்கும்னு அதுலயே நம்பர் போட்டிருக்கான். நம்ம கம்ப்ரசர் அதுல பாதிகூட இல்ல. எனக்கும் படிக்கத் தெரியும்லா."

நம்பர் பொய்யில்லை. ஆனால் அது தண்ணீருக்குப் போட்ட நம்பர். தண்ணீர்க் குழாய் விரிசல் விட்டால் பீச்சியடிக்கும், அழுத்தம் உடனே இறங்கிவிடும். அடைத்து வைத்த காற்று அப்படியல்ல, அழுத்திக் கட்டிய ஸ்பிரிங் மாதிரி. குழாய் உடைந்தால் சில்லுகளையும் தூக்கி எறியும். கிள்ளான் டயர் கடையில் ரொம்ப நாள் ஒழுங்காக உழைத்த வெள்ளைக் குழாய் ஒரு மத்தியானம் வெடித்து, என் பக்கத்தில் நின்றவனுக்கு ஒரு கண் போனது. அதை அக்காவிடம் சொன்னேன். அவர் மறுபடி அந்தக் குழாய்களை நிமிர்ந்து பார்த்தார்.

"'இவன் வாங்குனது எதுவும் உருப்படாது'ன்னு என் வீட்டுக்காரரோட அண்ணனே அவரு சாவு வீட்டுல வச்சுச் சொன்னாரு. இப்ப நீயும் அதையே சொல்ற."

"நான் மாமாவச் சொல்லலக்கா. பைப்பச் சொல்றேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். உன்னால முடியலன்னா விடு. எதிர்வீட்டுப் பையன் சாயங்காலமே பசை போட்டு ஒட்டிக் குடுத்துடுவான்."

அவன் ஒட்டித்தான் கொடுப்பான். பசை போட்டு ஒட்ட யாராலும் முடியும். அதனால்தான் அதைச் செய்தேன். ஒரு குழாயை அவிழ்த்துத் தரையில் வைத்து, வெயில் பட்டுப் பழுப்பேறிய பக்கத்தில் சுத்தியலால் ஒரே ஒரு அடி. தண்ணீர்க் குழாய் நசுங்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அது கண்ணாடி மாதிரி உடைந்தது. சில்லுகள் சோபாவிலும் தையல் மெஷினிலும் அவர் காலடியிலும் தெறித்தன. அவர் குனிந்து, வீங்கின கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். பிறகுதான் என்னைப் போகச் சொன்னார். நான் செய்தது தவறென்று இன்றும் நினைக்கவில்லை. சொல்லிப் பார்த்தும் கேட்காதவரிடம் வேறு என்ன செய்வது? ஆனால் அந்தக் குனிந்த முதுகை மறக்க முடியவில்லை.

இது நடந்து பல வருடங்களாகிவிட்டன. அக்கா இறந்துபோனதைச் சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸில் முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் கேள்விப்பட்டேன். சிறுநீரகக் கோளாறாம். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டார்களாம். இப்போதெல்லாம் வீட்டிலேயே பட்டறை வைப்பவர்கள் அலுமினியக் குழாயைப் போனிலேயே வரவழைத்துவிடுகிறார்கள். அது நல்ல குழாய்தான், துருப் பிடிக்காது. செலவைப் பார்க்கிறவர்கள் மட்டும் வெள்ளைக் குழாய் போதாதா என்று என்னைக் கேட்பார்கள். போடாதீர்கள், உடையும் என்பேன். அதற்கு மேல் சொல்வதில்லை.

குழாயை உடைத்த அன்று இரவு, கிள்ளானில் ஒரு நண்பனின் அறையில் படுத்தேன். மறுநாள் காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"நேத்துப் பொறுக்குனதுல ஒண்ணு கையக் கிழிச்சிடுச்சு தம்பி. நீ சொன்ன இரும்பே போடு. மொதல்ல மேல இருக்கறத எறக்கு. நீட்டமா இருந்தா குப்பை லோரிக்காரன் எடுக்க மாட்டான். அறுத்துக் குடுத்துடு."

போனேன். குழாய்களை இறக்கித் தூசி துடைத்தபோது, கூரையைப் பார்த்தபடி இருந்த, வெயில் படாத மேல்பக்கத்தில் பென்சில் கோடுகள் தெரிந்தன. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் கோணல் எழுத்தில் ஒரு சொல். ஷவர். பேசின். தொட்டி. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். கட்டுப் போட்ட கட்டைவிரலால் ஒரு கோட்டைத் தடவினார்.

"இது... எங்க அறுக்கட்டும்கா?"

"எங்கன்னு என்னைக் கேக்குற? அதான் கோடு போட்டு வச்சிருக்காருல்ல."

குழாய் ஆடாமல் இருக்க மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார். மாமா போட்ட கோட்டிலேயே, ஒவ்வொன்றாக, நேராக அறுத்தேன்.