ஒரே பெயர் இரண்டு முறை

போன மாதம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை. தொடங்குவதற்கு முன்னால் உபதேசியார் மைக்கைத் தட்டிவிட்டு, அன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளை வாசித்தார்.

“மரித்த பிலோமினாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக... வேண்டுபவர்கள், ஜோசப் குடும்பத்தார்.”

நாங்கள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுத்த வரி –

“மரித்த பிலோமினாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக... வேண்டுபவர்கள், அந்தோணி குடும்பத்தார்.”

பக்கத்திலிருந்த ஒரு வயசான அம்மா முழங்கையால் இடித்தார். “ஏன் ரோசி, ரெண்டு பிலோமினாவா போயிட்டாங்க?”

என்னத்தைச் சொல்ல? போனது ஒரே பிலோமினாதான். என் வீட்டுக்காரரின் அக்கா. எனக்கு பிலோ அண்ணி. அந்தோணி அவர்களுடைய கடைசித் தம்பி. லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இரண்டே தெரு தூரம். ஆனால் மாமியார் அடக்கத்தன்று தவறி விழுந்த ஒரு வார்த்தையில் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனது. நின்றது நின்றதுதான்.

பூசை முடிந்து வெளியே வந்தால் இன்னும் கொடுமை. கோயில் கேட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் அண்ணி நினைவாகப் பன்னும் டீயும் கொடுக்கிறோம். அந்தப் பக்கம் அவர்களும் பன்னும் டீயும்! சொந்தக்காரர்கள் ஆளுக்கு இரண்டு பன்னோடு, எந்தப் பக்கம் நிற்பது என்று முழித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் பொரிந்து தள்ளினார். “மூத்தவன் நான், பூசைக்குப் பேர் கொடுக்க மாட்டேனா? அவனுக்கென்ன அவசரம்? அவன் எனக்குச் செத்து ரொம்ப நாளாச்சு!”

என் மகள் ஜெனி மெதுவாகச் சொன்னாள். “எங்க சர்வரும் இதேதான் டாடி சொல்லிச்சு.”

அவள் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். நான் எட்டாவதோடு நின்றவள். எனக்குப் புரியும்படி சொன்னாள்.

ஒரே வேலைக்கு இரண்டு சர்வர். ஒன்று இங்கே, ஒன்று சென்னையில். ஒன்று படுத்தால் மற்றது உடனே வேலையை எடுத்துக்கொள்ளும். அதனால் ஒன்றையொன்று “இருக்கியா, இருக்கியா” என்று கேட்டுக்கொண்டே இருக்குமாம். மூன்றாவதாக வேறோர் இடத்தில் ஒரு சின்ன மெஷின். அதற்குப் பெயர் சாட்சி. அது எந்த வேலையும் செய்யாது. யார் உயிரோடு இருக்கிறார் என்று இரண்டு பேருக்கும் சொல்லும், அவ்வளவுதான்.

“புதுசா வந்த மேனேஜர், ‘இது சும்னே ஓடுது, சும்மா எதுக்கு?’ன்னு அதை ஆஃப் பண்ணச் சொல்லிட்டார் மம்மி. அப்புறம் ஒரு நாள் நடுவுல லைன் கட்டாச்சு. ரெண்டு சர்வரும் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நினைக்குது, அது செத்துப்போச்சுன்னு. அது நினைக்குது, இது செத்துப்போச்சுன்னு. ரெண்டும் நான்தான் பெரியவன்னு கடையைத் திறந்துடுச்சு. ஒரே ஆர்டர் ரெண்டு தடவை. எது சரின்னு பிரிக்கவே முடியல.”

பன் ஞாபகம் வந்தது எனக்கு.

“அப்போ என்னதான் செஞ்சிருக்கணும்?” என்றேன்.

“சத்தம் வரலைன்னா, அவன் செத்துட்டான்னு முடிவு பண்ணக் கூடாது. நான்தான் தனியா மாட்டிக்கிட்டேனோன்னு நினைச்சு ஒதுங்கிக்கணும்.”

இவர் டிவியைப் போட்டுக்கொண்டார்.

நம் வீடுகளிலும் சும்னே ஓடுகிற ஒரு ஆள் இருக்கிறார்தானே? பிலோ அண்ணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அல்சூரில் ஒற்றை அறை, ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. தினமும் ஜெபமாலை முடித்துவிட்டு முதலில் எங்களுக்கு, பிறகு அவர்களுக்குப் போன். “சாப்டியா ரோசி? அந்தோணிக்கு சுகர் ஏறியிருக்காம்... நீ ஜோசப்கிட்ட சொல்லிடாதே.” சொல்ல வேண்டியதே இல்லை. அண்ணி போன் வந்தால் இவர் கை ரிமோட்டைத் தேடும். டிவி சத்தம் குறையும்.

‘இதுக்கு வேற வேலையே இல்ல’ என்று அந்தப் போனைப் பார்த்து எத்தனை நாள் சலித்திருப்பேன்... ஆண்டவர் மன்னிக்கட்டும்.

இந்த மாதப் பூசைக்கு இவர் பெயர் கொடுக்கப் போகவில்லை. “அவனே கொடுக்கட்டும்” என்றார். மகள் சொன்னது உறைத்திருக்கிறது! மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

உபதேசியார் வாசித்தார். யார் யாருடைய பெயரோ வந்தது. வாசித்து முடித்துத் தாளை மடித்துவிட்டார்.

பிலோமினா வரவில்லை.

ஆண்கள் பக்கம் பார்த்தேன். முன் வரிசையிலிருந்து இவர் திரும்பினார். தூண் ஓரத்திலிருந்து அந்தோணியும் திரும்பினார். ஒரு நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வெளியே அந்தோணியின் மனைவி, என் ஓரகத்தி லூர்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள். “போன தடவை மாதிரி ஆயிடக் கூடாதுன்னு, அண்ணனே கொடுக்கட்டும்னு விட்டுட்டாருக்கா.”

ஜெனியிடம் சொன்னேன். “ரெண்டும் ஒதுங்கிட்டா கடையே மூடிடும் மம்மி. அதுக்குத்தான் சாட்சி” என்றாள்.

“நான் சாட்சியா இருக்கலாமா?”

“நீ டாடி பக்கத்து ஆள் மம்மி. முடியாது.”

அன்று சாயங்காலம் ஜெபமாலை முடிந்தது. அண்ணி போன் பண்ணும் நேரம். இவர் தானாகவே டிவி சத்தத்தைக் குறைத்தார். போன் சும்மா கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அவன் நம்பர் இருக்கா?” என்றார்.

என்னிடம் இல்லை. இவரிடமும் இல்லை. அது அண்ணியிடம் மட்டும்தான் இருந்தது.

இரண்டு தெருவுக்கு நம்பர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எழுந்து போய், இவர் செருப்பைத் தெருப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.