கழற்றி மாட்டும் வீடு

எங்கள் வீட்டில் மருந்துக்குக்கூட ஓர் ஆணி கிடையாது. காலண்டர் மாட்டுவதற்குக்கூட அப்பா ஆணி அடிக்க விட்டதில்லை. தூண், உத்திரம், மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை எல்லாமே போல்ட்டும் நட்டும்தான். பர்மாவில், யாங்கோன் ஆற்றங்கரையில் ஒரு கப்பல் பட்டறையில் அப்பா பிட்டராக இருந்தார். அங்கே கழித்துப்போட்ட போல்ட்டுகளைக் கேட்டு வாங்கி, காலியான சாப்பாட்டுக் கேரியரில் போட்டுக்கொண்டு வருவார். சோறு போன பாத்திரத்தில் இரும்பு வந்து இறங்கும்போதெல்லாம் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எண்பத்தெட்டின் கலவரம் ஓய்ந்த பிறகு, ரயில்பாதையோரம் நாங்கள் இருந்த குடிசைப் பகுதியைக் காலி செய்யச் சொல்லி, நகரத்துக்கு வெளியே ஷ்வேப்யிதாவில் மனை கொடுத்தார்கள். மனை என்றால் அறுப்பு முடிந்த வயல். மூலைக்கு மூலை ஒரு மூங்கில் குச்சி, நடுவில் சேறு. சீக்கிரம் வீடு எழும்பாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா ஒரு பக்கம் குழி வெட்டி, அந்த மண்ணைத் தலையில் சுமந்து தரையை மேடாக்கினாள். குழி பிறகு குளமாயிற்று. அதில் தண்ணீரில் படரும் கசூன் கீரையும், கரையில் புளிச்சகீரையும் போட்டாள். அப்பா பட்டறையிலிருந்து வந்த கையோடு ஸ்பானரை எடுத்துக்கொள்வார். எட்டு வயதான எனக்கு, வீடு கட்டுவது என்றாலே நட்டு முறுக்குவதுதான் என்று பதிந்துபோயிற்று.

ஏன் இந்தக் கிறுக்கு என்றால், அதற்கு அப்பாவிடம் ஒரு கதை இருந்தது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது பர்மா அரசாங்கம் கடைகளையெல்லாம் எடுத்துக்கொள்ள, தமிழர்கள் கூட்டம் கூட்டமாக மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினார்கள். அவருடைய சித்தப்பா, அத்தை எல்லோரும் போய்விட்டார்கள். தாத்தா மட்டும் போகவில்லை. செங்கல் வீடு கட்டியிருந்தார். அதை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று உட்கார்ந்துவிட்டார். பின்னால் அந்தச் செங்கல் வீடும் கையை விட்டுப் போய்விட்டது.

"செங்கலு மனுசன உக்கார வச்சிடும். நாளைக்கே போன்னு சொன்னா, கழட்டி லாரில போட்டுட்டுப் போயிட்டே இருக்கணும்" என்பார்.

"போயி? இன்னொரு சேத்துல மாட்டுவீங்களா? நான் இனிமே மண்ணு சொமக்க மாட்டேன்" என்பாள் அம்மா.

இந்தச் சண்டை மழைக்கு முன்னால் வருஷம் தவறாமல் வரும். திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் அப்பா வீட்டைச் சுற்றி வந்து, ஒவ்வொரு நட்டையும் தளர்த்தி, மரையில் கிரீஸ் தடவித் திரும்ப முறுக்குவார். இல்லாவிட்டால் மழையில் துருப்பிடித்து நட்டு திரும்பாது. அதன்மேல், இங்கே மர வீடுகளுக்குப் பூசும் கறுப்பு ரேனாஞ்சே எண்ணெயை அப்புவார். கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே போவேன். எல்லோரும் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடிய கையோடு நாங்கள் மட்டும் ஊரைவிட்டுக் கிளம்ப ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு அது ஒட்டிக்கொண்டது. என் துணிகளை ட்ரங்குப் பெட்டியிலேயே மடித்து வைத்திருப்பேன். பக்கத்து வீட்டு பர்மியப் பெண் மல்லிகைப் பதியன் தந்தபோது, தரையில் நடாமல் தகர டப்பாவில் வைத்தேன். தூக்கிக்கொண்டு போக வசதியாக இருக்குமே. பள்ளியில் புதுச் சிநேகிதி யாராவது கிடைத்தால், எப்படியும் விட்டுவிட்டுத்தானே போகப் போகிறோம் என்று ஒரு கை தூரத்திலேயே நிறுத்தினேன். தெருமுனையில் லாரி ஒன்று நின்றால் போதும், பெட்டியைப் பூட்டி வாசலுக்கு இழுத்துவந்துவிடுவேன். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. எனக்குத் தரிக்கவில்லை.

ஒரு கோடை விடுமுறைக்கு, ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். திஞ்ஞானும் அங்கேயே கழிந்தது. அதற்கடுத்த வருஷத்திலிருந்து அப்பா ஸ்பானரைத் தொடவில்லை. நட்டின்மேல் கிரீஸைத் தடவுவார், ரேனாஞ்சேயைக் கட்டியாக அப்புவார், அவ்வளவுதான். முதுகு ஒத்துழைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை. "நாளைக்கே கழட்டலாம்" என்பார். அம்மாவும் "கழட்டுங்க, கழட்டுங்க" என்பாள். அவள் குரலில் பழைய காரம் இல்லை. அதையும் வயசு என்றே எடுத்துக்கொண்டேன்.

வேலை தேடி நகரத்துக்குப் போனேன். துணிக்கடை, அச்சகம், ஒரு கிளினிக்கின் முன் மேசை என்று மாறிக்கொண்டே இருந்தேன். எங்கேயும் நாற்காலி சூடாகும் முன்னே எழுந்துவிடுவேன். கடைசியில் தன்லியினில் தொழிற்சாலை வேலையில் இருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டேன். அங்கும் வாடகை வீடுகளை மாற்றிக்கொண்டே இருந்தோம். அவர் பொறுமைசாலி, சாமான் கட்டப் பழகிக்கொண்டார்.

இரண்டாயிரத்து எட்டில் அந்தப் பெரும்புயல் அடித்தபோது ஷ்வேப்யிதாவில் எங்கள் தெருவில் பாதிக் கூரைகள் பறந்தன. எங்கள் வீடு அசையவில்லை. பதறியடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், அப்பா குளத்தில் விழுந்து கிடந்த யாருடைய தகரத்தையோ இழுத்துக்கொண்டிருந்தார். "போல்ட்டும்மா, போல்ட்டு" என்றார். அந்தச் சிரிப்பு இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது. மறு வருஷம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

அதன்பிறகு அம்மா தனியாக இருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. தன்லியினில் ஒரு துண்டு இடம் கிடைத்ததும் நான் முடிவெடுத்துவிட்டேன்: வீட்டைக் கழற்றி அங்கே மாட்டுவது, அம்மாவை அதில் வைப்பது. அப்பா சொன்னதைத்தானே செய்கிறோம் என்று எனக்கு ஒரே தைரியம். அம்மாவிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

இரண்டாயிரத்துப் பத்தில், திஞ்ஞானுக்கு முன்னால், ஒரு மேஸ்திரியையும் இரண்டு ஆட்களையும் லாரியோடு அழைத்துக்கொண்டு போனேன். அம்மா குளத்தங்கரையில் கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள். பாத்திரங்களை ஏற்றினோம், என் பழைய ட்ரங்குப் பெட்டியை ஏற்றினோம். பிறகு மேஸ்திரி வாசல் தூணில் ஸ்பானரை மாட்டித் தொங்கினார். நட்டு நகரவில்லை. அடுத்ததும் அப்படியே. எண்ணெய் ஊற்றிப் பார்த்தார், குழாயைச் செருகி நெம்பிப் பார்த்தார். கடைசியில் கறுப்பைச் சுரண்டினார்.

"அமா, இங்க பாருங்க" என்று பர்மியில் அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டுக் காட்டினார்.

நட்டுக்கு வெளியே நீண்டிருந்த போல்ட்டு நுனி சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கப்பட்டிருந்தது. கப்பலில் எந்த நட்டு ஒருபோதும் கழலக் கூடாதோ, அதற்குச் செய்கிற வேலை அது. வீட்டைச் சுற்றி ஓடினேன். சுரண்டிய இடத்திலெல்லாம் அதே அடி.

அம்மா கீரையை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்.

"தெறக்காது" என்றாள். "அடிக்கிறப்ப பின்னாடி கனமா இரும்ப வச்சு ஒருத்தர் அழுத்திப் புடிக்கணும். நான்தான் புடிச்சேன். நீ அத்த வூட்ல இருந்தப்ப."

"இத முன்னாலயே சொல்லக் கூடாதா?"

"லாரியோட வந்துட்ட. சொன்னா கேப்பியா நீ?"

"அப்ப ஏன் சொல்லல? அத்தன வருசம்?"

அம்மா தூணைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "இனிமே நான் சொமக்க மாட்டேன்னு ஒருநா அழுதுட்டேன். ரெண்டு மூணு நா வூட்டையே சுத்திச் சுத்தி வந்தாரு. அப்புறம் சுத்தியல எடுத்தாரு. அவகிட்ட மட்டும் சொல்லாதேன்னாரு. நாம இங்கயே இருந்துக்குவோம், அவ உக்காந்துடக் கூடாது, அவ எந்த ஊர்லயும் போயி பொழைக்கணும்னாரு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர்கள் இருவரும் நிம்மதியாகக் குடியிருந்த வீட்டில் நான் மட்டும் பெட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். உயிரோடு இருந்திருந்தால் அப்பாவைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். அவர் இல்லையே என்று நினைத்த மாத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. ஆட்கள் முன்னால் அழுவது எனக்குப் பிடிக்காது, அழுதேன்.

போல்ட்டை அறுத்துவிடலாமா என்று மேஸ்திரி மெதுவாகக் கேட்டார். அம்மா என்னையே பார்த்தாள். வேண்டாம், பாத்திரங்களை இறக்குங்கள் என்றேன். பெட்டியையும் இறக்கினார்கள்.

"வந்தது வந்த, மழைக்காலம் வருது. ஒங்கப்பா போனப்புறம் ஒருத்தரும் எண்ணெ பூசல. சுரண்டின எடத்துக்காவது பூசிட்டுப் போ" என்றாள் அம்மா.

டப்பாவை எடுத்துவந்து வாசல் தூணில் தொடங்கினேன். விரலை எண்ணெயில் தோய்த்து, அப்பா அடித்த அந்த நுனியைத் தடவினேன். தூணுக்கு மறுபக்கம் அம்மா வந்து நின்று, போல்ட்டின் தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.