பின்பாதி மட்டும் சொன்னவன்

நான் வசிக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் நான்காவது மாடி கிடையாது. லிப்டில் மூன்றுக்கு அடுத்த பொத்தானில் '3ஏ' என்று இருக்கிறது. பதின்மூன்றுக்கு அடுத்தது '13ஏ'. சீனர்களுக்கு நான்கு என்ற எண் சாவை நினைவூட்டுமாம். அதனால் மாடி உண்டு, எண் இல்லை. முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் கணக்கு நடத்தியவன் நான். பினாங்கில், பாயான் பாருவில், பதினேழாவது மாடியில் மகன் வீட்டுக்கு வந்து மூன்று வருடம் இரண்டு மாதம் ஆகிறது. இன்றைக்கும் லிப்ட் இறங்கும்போது அந்த இரண்டு இடங்களில் என் மனம் தடுக்கி விழுகிறது.

மகனும் மருமகளும் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். கீழே லிப்டைத் திறக்க ஓர் அட்டை வேண்டும். வீட்டில் மூன்று பேர், அட்டை இரண்டு. கீழே இறங்கிவிட்டால் மேலே ஏற யாராவது வரக் காத்திருக்க வேண்டும். என் பாஸ்போர்ட் மகனின் அலமாரியில் இருக்கிறது. தூத்துக்குடி வீட்டில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை. ஆனால் ஹாலில் இருந்து பால்கனிக்குப் பதினோரு அடி, திரும்ப வரப் பதினோரு அடி.

வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டணத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்குத் தனியாகப் பஸ் பிடித்துப் போகக் கிளம்பினேன். வாசலில் நின்ற மலாய்க் காவலாளி, "அங்கிள், பெர்கி மானா?" என்றார். எங்கே போகிறாய் என்று கேட்கிறார் என்பது மட்டும் புரிந்தது. வெளியே கால் வைக்கும்போது எங்கே என்று கேட்டால் எங்கள் ஊரில் போகிற காரியம் உருப்படாது. ஞானஸ்நானம் பெற்று எழுபத்து நான்கு வருடம் ஆனவன், சகுனம் பார்த்துத் திரும்பி வந்தேன். அது இங்கே நலமா என்று கேட்பதைப் போல, பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை என்று மகன் பிறகு சொன்னான். சொல்லிவிட்டு, "எதுக்கு அலையிறீங்கப்பா? நம்ம கோயில் பூசையே போன்ல வருதே," என்றான்.

வந்தது. ஊரில் காலை ஆறு மணிப் பூசை இங்கே எட்டரைக்கு. முதல் சில வாரங்கள் குளித்து, வேட்டி கட்டி, சுவிசேஷத்துக்கு எழுந்து நின்று பார்த்தேன். முழங்கால் வலித்த ஒரு வாரம் உட்கார்ந்தேன். வலி போன பிறகும் உட்கார்ந்தேன். பிறகு காப்பி டம்ளர் கூடவே வந்தது. பிரசங்கம் நீளும்போது படத்தை முன்னால் தள்ளலாம் என்று கண்டுபிடித்தேன். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். என்னைப் போல வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சிரிப்பு வராது என்று நினைக்கிறேன்.

ஜெபமாலையை மட்டும் நான் விடவில்லை. டைரியில் நாளுக்கு ஒரு கோடு. ஒரு நாள் தவறவில்லை. ஜெபமாலையில் ஒவ்வொரு மங்கள வார்த்தை ஜெபத்தையும் முன்பாதி ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்வார்கள். தனியாக இருப்பவனுக்கு முன்பாதி சொல்ல யார் இருக்கிறார்கள்? போனில் ஒரு பெண் குரல் கிடைத்தது. அவள் 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்குவாள், நான் 'தூய மரியே' என்று முடிப்பேன். அந்தப் பதிவில் பின்பாதியையும் ஒரு கூட்டம் சொல்லும். முதலில் அவர்களோடு உரக்கச் சொன்னேன். பிறகு முணுமுணுப்பு. பிறகு உதடு மட்டும். கடைசியில் மணிகளைத் தள்ளும் விரல் மட்டும். எல்லாவற்றையும் எண்ணும் எனக்கு, எந்தத் தேதியில் என் குரல் நின்றது என்பது மட்டும் தெரியவில்லை. டைரியில் கோடுகள் எல்லாம் ஒரே நீளம்தான்.

போன மாதம் லிப்டில் ஓர் அம்மா என் மணிக்கட்டில் சுற்றியிருந்த ஜெபமாலையைப் பார்த்தார்.

"வேதக்காரங்களா அண்ணே?"

"ஆமாம்மா. கத்தோலிக்கர்."

"நான் செசிலி. 13ஏ-ல இருக்கோம். எங்க வீட்டுக்காரரு படுக்கையில இருக்காரு. இனிமே ஒண்ணும் செய்யறதுக்கு இல்லன்னு டாக்டர் வீட்டுக்கு அனுப்பிட்டாரு. ஒரு நாள் வந்து ஜெபமாலை சொல்லுங்க லா. இந்தியா ஆளுங்க நல்லா சொல்லுவீங்க."

அந்த 'லா' இந்த ஊர்த் தமிழின் வால். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுநாள் சாயங்காலம் சலவை வேட்டியில் போனேன். அவர் கணவர் சூசை பட்டர்வொர்த்தில் பிறந்தவர், துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். ஜன்னல் ஓரக் கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தார்.

"வாங்க வாத்தியாரே. கணக்கு வாத்தியாருன்னு இவ சொன்னா. மணி தப்பா தள்ளுனா அடிப்பீங்களா?"

"உங்களை அடிக்க மாட்டேன்," என்றேன்.

"அப்ப இவள அடிப்பீங்க. சரி, ஆரம்பிங்க."

சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம் எல்லாம் சரியாகப் போயின. அவை எல்லோரும் சேர்ந்து சொல்பவை. முதல் மங்கள வார்த்தைக்கு வாயைத் திறந்தேன். 'தூய மரியே' என்று பின்பாதி வந்தது. நிறுத்தினேன். இருவரும் காத்திருந்தார்கள். மறுபடி முயன்றேன். 'அருள் நிறைந்த மரியே வாழ்க' வரை வந்து, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பத்தொன்பதாம் வாய்ப்பாட்டை இன்றும் தலைகீழாகச் சொல்வேன். நாலு வயதில் கற்ற ஜெபம் வரவில்லை.

"என்ன வாத்தியாரே, முன்பாதிய ஊர்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றார் சூசை.

"நீங்க சும்மா இருங்க லா," என்றார் செசிலி.

என் காது சுட்டது. சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தேன். "இதில் ரொம்ப அழகாகச் சொல்கிறார்கள். போடட்டுமா?"

சூசை கையை லேசாக அசைத்தார். "போனு எங்கிட்டயும் இருக்கு அண்ணே. நான் பாதியில போயிட்டாலும் அது பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். ஆளு வேணும்."

போனைப் பையில் போட்டேன். செசிலி, முதல் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல, ஒவ்வொரு வரியாக மெல்ல எடுத்துக் கொடுத்தார். நான் திருப்பிச் சொன்னேன். முதல் பத்து மணிகள் அப்படித்தான் போயின. இரண்டாவது பத்தில் தானாக வந்தது. மூன்றாவதில் எண்ணிக்கை தவறினேன். "பன்னெண்டு ஆச்சு அண்ணே," என்றார் செசிலி. "ரெண்டு கூட இருக்கட்டும், எனக்குத் தேவைப்படும்," என்றார் சூசை.

மேலே வந்ததும் டைரியை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆயிரத்து நூற்று ஐம்பத்தைந்து கோடுகள். நாளுக்கு ஐம்பத்து மூன்று என்றால் அறுபத்தோராயிரத்து இருநூற்றுப் பதினைந்து மங்கள வார்த்தைகள். இவற்றில் எத்தனை என்னுடையவை? இந்த ஊரின் மேல் பழியைப் போட முதலில் ஆசைப்பட்டேன். பூட்டிய லிப்ட், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், காவலாளி. ஊரில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?

ஆகியிருந்தது. தூத்துக்குடி வீட்டில் ஏழு மணி ஜெபத்தில் முன்பாதி சொன்னது எப்போதும் என் மனைவி ஞானம். அவள் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் விடைத்தாள்களை வைத்துச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டே பின்பாதி சொல்வேன். ஒருமுறை அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். நான் அது தெரியாமல் இன்னொரு பின்பாதியும் சொல்லி முடித்தேன். "உங்க வாய் மட்டும்தான் இங்க இருக்கு," என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்போதே படகின் கயிறு அவிழ்ந்துவிட்டது. அவள் இருந்தவரை படகு நகர்ந்தது தெரியவில்லை. விசுவாசத்தை நான் ஒருநாளும் விடவில்லை, மறுக்கவில்லை. அதனால்தான் அது போனது எனக்குத் தெரியவே இல்லை.

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு டைரியில் கோடு போடுவதில்லை. மகனிடம் மூன்றாவது அட்டை கேட்டேன். கட்டட நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டுமாம், பார்க்கிறேன் என்றான். தினமும் மாலை ஆறரைக்குப் படிக்கட்டில் மூன்று மாடி இறங்குகிறேன். நான் தொடங்காவிட்டால் அந்த அறையில் ஜெபம் தொடங்காது. என் மனம் வேறெங்கோ போய்விட்டால் சூசைக்கு உடனே தெரிந்துவிடுகிறது. கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார், அவ்வளவுதான். என் வயதில் இதைவிடப் பெரிய காவல் எனக்குக் கிடைக்காது. தனியாக இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இதுதான்: நீங்கள் நிறுத்தினால் நின்றுவிடும் ஒரு ஜெபத்தில் போய் உட்காருங்கள்.

சூசையின் குரல் நாளுக்கு நாள் சிறுத்து வருகிறது. இப்போது அவரால் பின்பாதியின் கடைசி வரியை மட்டும்தான் சொல்ல முடிகிறது. இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும் என்ற இடம் வரும்போது அவர் கண் ஜன்னலுக்குப் போகும். அந்தத் திசையில், மலைப்பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கும் செசிலிக்கும் அடுத்தடுத்து இடம் வாங்கியிருக்கிறார்கள். செசிலியும் அந்தப் பக்கமே பார்க்கிறார். ஞானத்தின் பக்கத்தில் எனக்கென்று விட்டு வைத்த இடம் கடலுக்கு அந்தப் பக்கம், தூத்துக்குடி மணலில் இருக்கிறது. அந்த வரியை அவர்களோடு சேர்ந்து நானும் சொல்கிறேன். எந்தத் திசையைப் பார்த்துச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.