மஞ்சள் மீனும் பட்டறைக் குரலும்

என் வீட்டுக்காரருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வருடக்கணக்காகத் தகரம் தட்டுகிறவர். காது பாதி போய்விட்டது, போனதையெல்லாம் குரலில் ஏற்றிக்கொண்டார். என்னிடம் ரகசியம் சொன்னால் எதிர்வீட்டு அக்கா ஜன்னலிலிருந்து பதில் சொல்வார். சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு வேறு.

அந்த மேஜைமேல்தான் மீன்தொட்டி. நீலமும் ஆரஞ்சும் மஞ்சளுமாகச் சிக்லிட் மீன்கள். அவற்றுக்குத் தண்ணீர் மாற்றும்போது மட்டும் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதம் அவர் கைக்கு வந்துவிடும். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது.

மஞ்சள் பெண்மீன் முட்டையிட்டால் அத்தனையையும் வாய்க்குள் அள்ளி வைத்துக்கொள்ளும். குஞ்சுகள் நீந்தும்வரை இரை தொடாது. வாயையும் வயிற்றையும் கட்டிப் பிள்ளை வளர்ப்பது என்றால் அதுதான். ஆனால் முதல் இரண்டு முறையும் பாதியிலேயே முட்டைகளை விழுங்கிவிட்டது. இவர் தண்ணீரைக் குறை சொன்னார், மீன்கடைக்காரரைத் திட்டினார்.

மூன்றாவது முறை அதன் வாய் உப்பியபோது உடம்பு நூலாக இளைத்திருந்தது.

"இந்தத் தடவையும் போச்சுன்னா, இது தாங்காது," என்றார் கண் கலங்கி. சொன்ன வேகத்தில் மேஜையில் ஒரு தட்டு. மீன் விருட்டென்று கல்லிடுக்கில் பாய்ந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தண்ணியும் இல்ல, கடைக்காரரும் இல்ல. நீங்கதான். நீங்க போடுற சத்தத்துல அது பயந்து முழுங்கிடுது."

"நானா?" என்றார். அதுவே தெருமுனை வரை கேட்டிருக்கும்.

மறுநாளிலிருந்து வீட்டில் கைஜாடைதான். உப்பு வேண்டுமென்றால் விரலைத் தேய்த்துக் காட்டுவார். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடுவார். சிரித்துச் சிரித்து அலுத்தபின் எனக்கு வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது.

ஒரு மாலை பாத்திரம் துலக்கிவிட்டுத் திரும்பினால், சமையலறை வாசலில் நிற்கிறார். முகமெல்லாம் கண்ணீர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உதட்டில் விரல் வைத்துக்காட்டி, கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

கல் ஓரமாக மஞ்சள் மீன். அதைச் சுற்றி எள்ளளவு குஞ்சுகள். எங்கள் நிழல் பட்டதும் அது வாயைத் திறந்தது, எல்லாம் உள்ளே ஓடிப் புகுந்துகொண்டன.

நான் திரும்பிப் பார்க்கட்டும் என்று சமையலறை வாசலில் எவ்வளவு நேரம் காத்து நின்றாரோ, பாவம்.

"கூப்பிட்டிருக்கலாமே," என்றேன்.

குனிந்து என் காதோடு சொன்னார்: "அதுங்க பயந்துக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து, எதிர்வீட்டு அக்காவுக்குக் கேட்காமல் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.